விண்ணப்பிக்கத் தயங்கும் ஆய்வு மாணவர்

நமது நாட்டில் முனைவர் பட்டத்திற்காக ஆராய்ச்சியில் ஈடுபட்டிருப்போரின் தொகை வியக்கத்தக்க அளவில் பெருகியிருக்கிறது. 2014-15 ஆம் கல்வியாண்டில் 1.17 லட்சமாக இருந்த இத்தொகை, 2021-22 இல் 2.12 லட்சமாக உயர்ந்தது என்று அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கை தெரிவிக்கிறது. இவர்களுள் ஏறத்தாழ 99,000 பேர் பெண்கள். தொகை பெருகியது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், இம்மாணவர்கள் தம் வழிகாட்டியும் தம் பல்கலைக்கழகமும் அல்லாத வேறொருவரிடம், அதுவும் ஆராய்ச்சி முடிவதற்கு முன்பாகவே, தம் பணியை எடுத்துக் கூறிக் கருத்துக் கேட்கும் வாய்ப்பைப் பெறுகின்றனரா என்று வினவினால், பெரும்பாலோர் பெறுவதில்லை என்றே நான் கருதுகிறேன். ஆய்வேடு எழுதி முடிந்து, அச்சாகி, கட்டடமும் செய்யப்பட்டுப் பல்கலைக்கழகத்தின் வழியே சென்ற பின்னரே வெளியார் ஒருவர் அதை முதன்முதலாகப் படிக்கிறார். அவர் அடிப்படையான குறை ஒன்றைக் கண்டாரானால், அதைத் திருத்திக்கொள்ளக் காலம் இராது. உதவித்தொகையும் நின்று போயிருக்கும்.

செயற்கை நுண்ணறிவுத் துறையில் இக்குறையைப் போக்குவதற்கென்றே ஓர் ஏற்பாடு பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. அத்துறையின் பெரிய மாநாடுகள் பலவற்றில், முனைவர் பட்ட மாணவர்களுக்கென்று தனியாக ஓர் அரங்கு ஒன்றிரண்டு நாட்கள் நடைபெறும். ‘டாக்டரல் கன்சார்ட்டியம்’ என்பது அதன் பெயர். இக்கட்டுரையில் அதை வழிகாட்டு அரங்கு என்று குறிப்பிடுவோம். அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட செயற்கை நுண்ணறிவு வளர்ச்சிச் சங்கம் தன் ஆண்டு மாநாட்டுடன் இத்தகைய அரங்கை நடத்தி வருகிறது. அம்மாநாடு 2026 ஜனவரியில் சிங்கப்பூரில் கூடியது. செயற்கை நுண்ணறிவுக்கான அனைத்துலகக் கூட்டு மாநாடும் அவ்வாறே செய்கிறது. அது 2007 ஜனவரியில் நம் ஹைதராபாத்திலேயே நடந்தேறியது. மொழியைக் கணிப்பொறியால் ஆராய்வோரின் சங்கம் நடத்தும் மாநாடுகளில் ‘மாணவர் ஆராய்ச்சிப் பயிலரங்கு’ ஒன்று உண்டு. அதில் முடிந்த ஆராய்ச்சியை மட்டுமன்றி, இனிச் செய்ய எண்ணியிருக்கும் ஆய்வின் முன்மொழிவையும் அனுப்பலாம். அனுப்புவதற்கு முன்பே மூத்த ஆராய்ச்சியாளர் ஒருவர் வரைவைப் படித்துக் குறிப்புச் சொல்லும் உதவியையும் கோரிப் பெறலாம். நம் நாட்டிலே ஏ.சி.எம். இந்தியா மன்றம் ‘ஆர்க்ஸ்’ என்னும் பெயரால் ஆராய்ச்சி மாணவர்களுக்கென்று ஆண்டுக் கருத்தரங்கம் நடத்துகிறது.

அரங்கின் நடைமுறை எளியது. தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் ஒவ்வொருவரும் சில நிமிடங்கள் பேசுவர். தம் ஆராய்ச்சியைச் சுவரொட்டியாக வைத்து விளக்குவர். பெரும்பாலும் ஒவ்வொருவருக்கும் வேறொரு நிறுவனத்தைச் சார்ந்த மூத்த ஆராய்ச்சியாளர் ஒருவர் வழிகாட்டியாக முன்னரே குறிக்கப்படுவார். அவர் மாணவரின் சுருக்கத்தைப் படித்துவிட்டு வந்து, தனியே அமர்ந்து பேசுவார். விண்ணப்பத்திற்கு வேண்டியவையும் அதிகமில்லை. ஆராய்ச்சியின் சுருக்கம் சில பக்கங்கள், பெரும்பாலும் இரண்டே பக்கங்கள்; கல்வி, பணி பற்றிய விவரக் குறிப்பு; இவ்வரங்கினால் தாம் எதிர்பார்க்கும் பயன் யாது என்னும் சிறு கூற்று; வழிகாட்டியின் பரிந்துரைக் கடிதம். அரங்குக்கு அரங்கு இவை சற்று வேறுபடலாம்.

யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதிலேதான் நம் மாணவர்கள் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஆராய்ச்சியை முடித்து வெற்றி கண்டவரை அழைத்துப் பாராட்டுவதற்காக இவ்வரங்கு ஏற்படவில்லை. ஆய்வுப் பொருள் ஒருவாறு முடிவாகியிருக்க வேண்டும். ஆனால், பிறர் சொல்லும் யோசனையை ஏற்றுப் போக்கை மாற்றிக்கொள்ளும் அளவுக்குப் பணி எஞ்சியும் இருக்க வேண்டும். இந்த நிலையில் உள்ளவரையே அரங்குகள் விரும்புகின்றன. நம் மாணவரோ, ‘இன்னும் விளைவு வரவில்லையே, வந்த பிறகு விண்ணப்பிப்போம்’ என்று மூன்றாண்டுகளைக் கழிக்கிறார். விளைவு வந்தபின் அவருக்கு அரங்கு தேவைப்படுவதில்லை. அரங்குக்கும் அவர் ஏற்றவராக இருப்பதில்லை.

விண்ணப்பத்தை அற்பமாக எண்ணுவோர்க்கு இத்துறையின் வரலாற்றிலிருந்தே ஒன்றைச் சொல்லலாம். ‘செயற்கை நுண்ணறிவு’ என்று நாம் தமிழாக்கிக்கொண்ட அந்த ஆங்கிலப் பெயரே ஒரு விண்ணப்பத்தின் மூலமாகத்தான் உலகுக்கு அறிமுகமாயிற்று. ஜான் மெக்கார்த்தி, மார்வின் மின்ஸ்கி, நத்தானியேல் ராச்செஸ்டர், கிளாட் ஷானன் ஆகிய நால்வர், 1956 ஆம் ஆண்டுக் கோடையில் டார்ட்மத் கல்லூரியில் பத்துப் பேர் இரண்டு மாதம் கூடி ஆராய்வதற்குப் பொருளுதவி வேண்டி, 1955 ஆகஸ்டில் ராக்கஃபெல்லர் அறநிலையத்துக்கு ஒரு முன்மொழிவு எழுதினர். அவர்கள் கேட்டது 13,500 டாலர், கிடைத்தது 7,500. அந்த விண்ணப்பத்தில் முடிந்த ஆராய்ச்சி என்று எதுவும் இல்லை. கேள்விகள் இருந்தன, அவற்றை எவ்வழியே அணுகலாம் என்ற ஊகங்கள் இருந்தன. கேட்டதில் ஏறத்தாழப் பாதி கிடைத்ததும் ஒரு செய்தியே. ஆனால் அதை நான் வற்புறுத்த விரும்பவில்லை.

இனி, நம் மாணவர் ஏன் தயங்குகிறார் என்பதைப் பார்ப்போம். அச்சங்கள் பல கூறப்படுகின்றன. தம் கருத்தைப் பிறர் கவர்ந்துகொள்வர் என்பது ஒன்று. இரண்டு பக்கச் சுருக்கத்தில் கவர்ந்துகொள்ளத்தக்கது மிகச் சிறிதே. தேதியுடன் ஒரு சபையின் முன் பேசியதே உரிமைக்குச் சான்றாகவும் அமையும். புகழ்பெற்ற நிறுவனத்து மாணவர்களையே எடுப்பார்கள் என்பது மற்றொன்று. இதில் ஓரளவு உண்மை இருக்கக்கூடும். நல்ல சுருக்கம் எழுதும் பழக்கம் அங்கே இருக்கிறது, பிற இடங்களில் இல்லை. ஆனால் வலுவான காரணம் வேறு. வழிகாட்டிகளே இதை ஊக்குவிப்பதில்லை. ‘இது கட்டுரை வெளியீட்டுக் கணக்கில் சேருமா?’ என்பதே அவர்களது முதல் கேள்வி. சேராது என்று தெரிந்ததும் பேச்சு முடிந்துவிடுகிறது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்னர்க் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் அறிவித்த விதிகளில் நீக்கிவிட்டது. விதி நீங்கியும் எண்ணிக்கையின் மீதுள்ள மோகம் நீங்கவில்லை. பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் சஞ்சிகையில் வந்த கட்டுரை கணக்கில் சேர்கிறது. துறையறிந்த ஒருவர் அரைமணி நேரம் அமர்ந்து கேட்ட கேள்விகள் சேர்வதில்லை. இதை நான் அறிவீனம் என்றே சொல்வேன்.

அந்த அரைமணி நேரத்தில் அப்படி என்ன கிடைத்துவிடும் என்று கேட்கலாம். இவ்விதழைப் படிக்கும் கள ஊழியர்களுக்குப் பழக்கமான ஒரு பொருளைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

இலையின் படத்தைக் கொண்டு பயிர்நோயை அறிவது, செயற்கை நுண்ணறிவில் நம் கல்லூரிகளில் மிகுதியாக எடுத்துக்கொள்ளப்படும் ஆய்வுப் பொருள்களுள் ஒன்று. இதற்கு எல்லோரும் எளிதில் எடுத்துக்கொள்வது ‘பிளான்ட்வில்லேஜ்’ என்னும் தரவுத் தொகுதி. 14 பயிர்கள், 26 நோய்கள், 54,306 இலைப் படங்கள் கொண்டது அது. 2016 இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மொகந்தி, ஹியூஸ், சலாத்தே ஆகிய மூவர் இப்படங்களைக் கொண்டு கணிப்பொறியைப் பயிற்றி, ஒதுக்கி வைத்திருந்த படங்களில் சோதித்தபோது 99.35 விழுக்காடு சரியான விடை கண்டனர். இந்த எண்ணே பின்வந்த எத்தனையோ ஆய்வு மாணவர்களை மயக்கியது. அவர் 99.35 பெற்றார், நான் 99.5 பெறுகிறேன், இன்னொருவர் 99.6 பெறுகிறார் என்று ஒரு பந்தயமே தொடங்கிற்று.

ஆனால் அம்மூவரும் அதே கட்டுரையில் இன்னொரு சோதனையையும் நேர்மையுடன் வெளியிட்டிருக்கிறார்கள். வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அதே கணிப்பொறி 31.4 விழுக்காடுதான் சரியாகச் சொல்லிற்று. இத்தனைக்கும் ஒரே இலையின் பல படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்துவிடாதபடி, தெரிந்த வரையில், அவர்கள் கவனமாகப் பிரித்தே வைத்திருந்தனர். வீழ்ச்சிக்குக் காரணம் படங்களின் தன்மையிலே இருக்கிறது. இலையைப் பறித்து, ஒரே நிறமுள்ள தாளின்மேல் வைத்து, நல்ல வெளிச்சத்தில் எடுத்தவை அவை. 2022 இல் மற்றோர் ஆராய்ச்சியாளர் செய்த சோதனை இதை அம்பலப்படுத்தியது. இலையையே காட்டாமல், படத்தின் பின்னணியிலிருந்து வெறும் 8 புள்ளிகளின் நிறத்தை மட்டும் கணிப்பொறிக்குக் கொடுத்தார். அதற்கே 49 விழுக்காடு சரியான விடை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால் 2.6 விழுக்காடுதான் வர வேண்டும். எந்த நோய்க்கு எந்தத் தாளின்மேல், எந்த வெளிச்சத்தில் படம் எடுத்தார்கள் என்பதையும் கணிப்பொறி சேர்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறது.

ஒரு மாணவர் நான்காண்டு உழைத்து 99.6 விழுக்காடு பெற்றுவிட்டு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழிகாட்டு அரங்கில் இரண்டாம் ஆண்டிலேயே அவர் பேசியிருந்தால், ‘இப்படங்கள் வயலில் எடுத்தவையா?’ என்ற முதல் கேள்வியிலேயே அவருடைய ஆராய்ச்சி வேறு திசையில் திரும்பியிருக்கும். திரும்பினால் எங்கே போகலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. காந்திநகர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தோர், இயற்கையான சூழலில் எடுக்கப்பட்ட படங்களை இணையத்திலிருந்து திரட்டி, சுமார் 300 மணி நேரம் உழைத்து ஒவ்வொன்றையும் குறியிட்டு, 13 பயிர்களும் 17 வரையிலான நோய் வகைகளும் அடங்கிய 2,598 படங்களைக் கொண்ட ‘பிளான்ட்டாக்’ என்ற தொகுதியை உருவாக்கினர். 2020 ஜனவரியில் ஹைதராபாத்தில் கூடிய இந்திய மாநாடு ஒன்றில் அதை வெளியிட்டனர். ஐம்பத்து நான்காயிரம் எங்கே, இரண்டாயிரத்து ஐந்நூறு எங்கே! ஆயினும் பயன் எதில் மிகுதி என்பதை வயலில் நடப்பவர் அறிவார்.

‘வயலில் எடுத்தவையா?’ என்ற கேள்வியைக் கேட்க வெளிநாட்டு வழிகாட்டி வேண்டியதில்லை. எந்த வேளாண்மை விரிவாக்க ஊழியரும் கேட்டிருப்பார். நாடெங்கும் 700க்கு மேற்பட்ட வேளாண்மை அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. கல்லூரியிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்தில் அவற்றுள் ஒன்று இருக்கக்கூடும். ஆய்வு மாணவர் அங்கே சென்று தம் இரண்டு பக்கத்தையும் படித்துக் காட்டினால் என்ன? பிளான்ட்வில்லேஜ் தொகுதியில் நெல்லே இல்லை, புளூபெரியும் ராஸ்பெரியும் இருக்கின்றன என்பதைக் கேட்டதும் அங்குள்ளவர் சிரிப்பார். அதன் பிறகு இன்னும் கூர்மையான ஒன்றைக் கேட்பார்: ‘நோயே இல்லாமல் சத்துக் குறைவால் இலை இப்படிப் புள்ளி விழுந்தால் உங்கள் கணிப்பொறி என்ன சொல்லும்?’

இது கற்பனைக் கேள்வியன்று. இமயமலை அடிவாரத்துத் தராய்ப் பகுதியில் நெற்பயிரின் இலைகளில் துருநிறப் புள்ளிகள் தோன்றிப் பயிர் குன்றிப்போகும் ‘கைரா’ என்னும் நோய், துத்தநாகக் குறைவால் வருவதென்று பந்த்நகர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஒய்.எல். நேனே 1966 இல் வெளிப்படுத்தினார். பூசணமோ நுண்ணுயிரோ அதற்குக் காரணமில்லை. துத்தநாக சல்பேட்டைச் சுண்ணாம்புடன் கரைத்துத் தெளிப்பதே அதற்குப் பரிகாரம். நோய்களின் பெயர்களை மட்டுமே கற்ற கணிப்பொறி, இத்தகைய இலையைக் கண்டால், தனக்குத் தெரிந்த நோய்களுள் ஒன்றின் பெயரைச் சொல்லியே தீரும். ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல அதற்குக் கற்பிக்கவில்லை. உழவர் பூசணக்கொல்லி வாங்கித் தெளிப்பார். பணமும் போகும், பருவமும் போகும். தெரியாததைத் தெரியாது என்று கணிப்பொறி சொல்லுவதற்கு வழி காண்பது எப்படி என்பதோ, இன்று உலகமெங்கும் செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியாளர்கள் முனைந்து ஆராய்ந்துவரும் பொருள். கள ஊழியர் ஒருவரின் கேள்வியே மாணவரை அந்த உயர்ந்த ஆராய்ச்சியின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. அக்கேள்வியைத் தம் சுருக்கத்தில் எழுதி அனுப்பும் மாணவரை எந்த அரங்கும் எளிதில் ஒதுக்காது என்பது என் துணிபு. மருத்துவத் துறையின் கிராம ஊழியர், வனத்துறைக் காவலர், நில அளவையாளர் ஆகியோர் விஷயத்திலும் இதுவே பொருந்தும், விரிக்க வேண்டியதில்லை.

சுருக்கத்தை எழுதும் முறையைப் பற்றிச் சிறிது கூறுவது ஆசிரியர்களுக்குப் பயன்படும். இவர்களுள் பலர் பகுதிநேர ஆய்வு மாணவர்களாகவும் இருக்கின்றனர். நம் மாணவர்களின் சுருக்கம் வழக்கமாக உலக மக்கள் தொகையிலிருந்து தொடங்கும். வேளாண்மையே நாட்டின் முதுகெலும்பு என்று சொல்லும். பிறகு செயற்கை நுண்ணறிவு புரட்சி செய்கிறது என்று ஒரு பத்தி. முதல் பக்கம் இதிலேயே தீர்ந்துவிடும். அரங்கத்தார் தேடுவது மூன்றாம் வரியிலேனும் ஒரு கேள்வியை. நான் எதைக் கண்டறிய முயல்கிறேன்; பிறர் இதுவரை எதைச் செய்து எங்கே நின்றனர்; நான் இதுவரை செய்தது யாது; இனிச் செய்ய இருப்பது யாது; எங்கே எனக்கு ஐயம். இவற்றுள் கடைசியாகச் சொன்னதை நம் மாணவர்கள் எழுதவே அஞ்சுகின்றனர். ஐயத்தைச் சொன்னால் பலவீனம் என்று எண்ணுவார்களோ என்பது அவர்கள் கவலை. தேர்வறையிலே வளர்ந்த பழக்கம் இது.

‘எதிர்பார்க்கும் பயன்’ என்னும் பகுதியும் அவ்வாறே வீணாக்கப்படுகிறது. ‘அறிஞர் பெருமக்களின் அனுபவத்தால் என் அறிவை விரிவாக்கிக்கொள்ள விழைகிறேன்’ என்று எழுதினால், அரங்கத்தார் இவரை எந்த வழிகாட்டியிடம் சேர்ப்பது? அதற்குப் பதிலாக, ‘மூன்று மாவட்டங்களில் எடுத்த படங்கள் என்னிடம் உள்ளன, இவற்றுள் ஒரு மாவட்டத்தை முழுதும் சோதனைக்கென்று ஒதுக்குவதா, ஒரு பருவத்தை முழுதும் ஒதுக்குவதா என்று முடிவு செய்ய இயலவில்லை, இத்தகைய சோதனைகளை அமைத்துப் பழகியவரிடம் பேச விரும்புகிறேன்’ என்று எழுதட்டும். படிப்பவர் மனத்தில் உடனே தக்கவர் ஒருவரின் பெயர் தோன்றும்.

இக்காலத்தில் ஒரு புதிய சங்கடமும் சேர்ந்திருக்கிறது. உரையாடும் கணிப்பொறிச் செயலிகளிடம் கேட்டால், அவை சில நொடிகளில் இரண்டு பக்கத்தையும் பிழையற்ற ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிடுகின்றன. ஆங்கிலம் கைவராத நம் மாணவர்கள் இவ்வுதவியை நாடுவதை நான் குறைசொல்ல மாட்டேன். இலக்கணப் பிழை திருத்திக்கொள்வதில் தீங்கில்லை. ஆனால் எழுதும் பொறுப்பையே ஒப்படைத்துவிட்டால், வழுவழுப்பான ஒரு சுருக்கம் கிடைக்கும்; அதில் கேள்வியும் இராது, ஐயமும் இராது. பிடித்துப் பேசுவதற்கு ஒரு முடிச்சும் இல்லாத அத்தகைய எழுத்தைப் படித்துவிட்டு வழிகாட்டியாக வந்து அமர்பவர் என்னதான் கேட்பார்? மேலும், இவ்வுதவியை எந்த அளவு பயன்படுத்தலாம் என்பதற்கு மாநாடுகள் தத்தமக்கென விதிகள் வகுத்துள்ளன. அழைப்பறிக்கையில் அதைப் படித்துத் தெரிந்துகொள்வது மாணவரின் கடமை. கரடுமுரடான ஆங்கிலத்தில் தெளிவான கேள்வி ஒன்று இருந்தால் அதுவே போதும் என்று மாணவர்க்குத் துணிவு சொல்ல வேண்டியவர் ஆசிரியரே.

வழிகாட்டியின் கடிதத்தைப் பற்றியும் வெளிப்படையாகவே பேச வேண்டும். ‘நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்னும் வழக்கம் நம் கல்லூரிகளில் வேரூன்றிவிட்டது. மாணவர் தம்மைத் தாமே கடின உழைப்பாளி என்றும், ஒழுக்கமுள்ளவர் என்றும், குழுவாகப் பணியாற்றும் இயல்பினர் என்றும் எழுதிக்கொள்கிறார். எல்லாக் கடிதங்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கடிதத்தைக் கேட்பவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு. மாணவர் ஆராய்ச்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்? எப்போது முடிப்பார் என்று வழிகாட்டி கருதுகிறார்? எந்த விஷயத்தில் தம்மால் உதவ இயலாமல் வெளியார் ஒருவரின் துணை வேண்டும் என்று அவர் எண்ணுகிறார்? இந்தக் கடைசி வினாவுக்கு விடை எழுதுவது பலருக்குக் கௌரவக் குறைச்சலாகப் படுகிறது. ஒரு பேராசிரியர் எட்டு மாணவர் வரையிலும், இணைப் பேராசிரியர் ஆறு பேர் வரையிலும், உதவிப் பேராசிரியர் நால்வர் வரையிலும் வழிகாட்டலாம் என்று 2022 ஆம் ஆண்டு விதிகள் அனுமதிக்கின்றன. எட்டு மாணவரும் எட்டுத் திக்கில் ஆராய்ந்தால், எல்லாவற்றிலும் ஒருவரே வல்லவராக இருப்பது எவர்க்கும் இயலாது. அதை எழுதிக் கையொப்பமிடுவதில் இழுக்கு ஒன்றுமில்லை.

செலவு என்பது மெய்யான தடை. அதை நான் மறைக்கப் போவதில்லை. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதைப் பெறுவோர்க்குக்கூட வெளிநாட்டுப் பயணம் பல மாத வருமானத்தை விழுங்கிவிடும். எந்த உதவித்தொகையும் இல்லாத பகுதிநேர மாணவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. விசாவுக்காகக் காத்திருந்து மாநாடு முடிந்த பின் அது கிடைக்கப்பெறுவோரும் உண்டு. அரங்குகள் பலவும் தேர்ந்தெடுத்த மாணவர்க்குப் பயணச் செலவில் ஒரு பகுதியை அளிக்கின்றன. அதைக் கேட்டுப் பெற வேண்டும். நம் பல்கலைக்கழகங்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கட்டுரை வாசிக்கச் செல்பவர்க்குத் தரும் பயண உதவியை வழிகாட்டு அரங்கிற்குத் தேர்வானவர்க்கும் தரலாம். அரங்கில் பேசியதை ஆய்வின் முன்னேற்றமாகவும் ஏற்கலாம். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். அனைத்துலக மாநாடுகள் நம் நாட்டுக்கே வரும் சமயங்களையும் நழுவவிடக் கூடாது. கணிப்பொறி மொழியியல் சங்கத்தின் ஆசியக் கிளை, இயல்மொழி ஆய்வின் கூட்டு மாநாட்டை 2025 டிசம்பரில் மும்பையில் நடத்திற்று. ரயிலேறிச் சென்றுவரும் தூரம்!

வெளியே செல்ல வழியே இல்லாதவர்க்கும் இம்முறையின் பயனைக் கல்லூரியிலேயே ஓரளவு கொடுக்கலாம். ஆய்வு மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் ஆராய்ச்சி ஆலோசனைக் குழுவின்முன் தோன்றித் தம் முன்னேற்றத்தை எடுத்துரைக்க வேண்டும் என்பது விதி. பல இடங்களில் இது தேநீரும் கையொப்பமுமாக முடிகிறது. அக்கூட்டத்திற்கு ஒரு வாரம் முன்னதாக இரண்டு பக்கச் சுருக்கத்தை, மேலே சொன்ன முறையில், ஐயங்களுடன் எழுதித் தரச் சொல்லலாம். பக்கத்து மாவட்டக் கல்லூரியிலிருந்து ஓர் ஆசிரியரையும், ஆராய்ச்சிப் பொருள் எந்தக் களத்தைப் பற்றியதோ அந்தக் களத்து ஊழியர் ஒருவரையும் அழைத்து அமர்த்தலாம். அழைக்கப்படும் கள ஊழியர்கள், ‘இது கணிப்பொறி விஷயம், எனக்கென்ன தெரியும்’ என்று ஒதுங்க வேண்டாம். கணிப்பொறியைப் பற்றிக் கேட்க அங்கே வேறு ஆட்கள் இருப்பர். இலையைப் பற்றிக் கேட்க நீங்கள் ஒருவரே இருப்பீர்கள்.

விண்ணப்பித்தும் தேர்வாகாதவர் மனம் தளரலாம். இடங்கள் சிலவே, விண்ணப்பங்கள் பல. பல அரங்குகளில் தேர்வாகாதவர்க்கும் மதிப்பீட்டாளரின் குறிப்புகள் கிடைக்கின்றன. அவற்றைப் படித்துச் சுருக்கத்தைத் திருத்தி வேறோர் அரங்குக்கு அனுப்புவதில் தடையேதும் இல்லை. அனுப்பாவிட்டாலும் அந்த இரண்டு பக்கம் வீண்போவதில்லை. ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்துக்கு அதுவே விதை.

காலத்தைப் பற்றி ஒரு குறிப்பு மட்டும் எஞ்சியிருக்கிறது. பெரும்பாலான அரங்குகள் மாநாட்டிற்குச் சில மாதங்கள் முன்னரே விண்ணப்பங்களைப் பெற்று முடித்துவிடுகின்றன. ஆண்டின் தொடக்கத்தில் கூடும் மாநாட்டிற்கு முந்திய ஆண்டின் மழைக்காலத்திலேயே எழுதத் தொடங்க வேண்டும். சுருக்கத்தின் முதல் வரைவை வழிகாட்டியிடமும், கணிப்பொறி அறியாத ஒருவரிடமும் கொடுத்துப் படிக்கச் செய்து, இருவர்க்கும் புரியும்வரை திருத்தலாம். கடவுச்சீட்டு இல்லாதவர் அதற்கும் அப்போதே மனுச் செய்வது நலம். வழிகாட்டியிடம் பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி நாளுக்கு மூன்று வாரம் முன்பாகவே கேட்டு வைப்பது நல்லது. பருவத் தேர்வின் விடைத்தாள் திருத்தும் பணி தொடங்கிவிட்டால் அவரைப் பிடிப்பது அரிது.